கவுன்டியின் எதிர்காலத்தை மக்கள் வகுப்பது எப்படி? கென்யாவை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒரு நிலப்பகுதி இன்னும் பத்து, இருபது ஆண்டுகளில் எப்படி இருக்க வேண்டும், குடிநீர் எங்கிருந்து வர வேண்டும், எந்த நிலம் பயிருக்கு, எந்த நிலம் ஊருக்கு, இளைஞர்கள் எந்தத் தொழிலை நம்பிச் சொந்த மண்ணிலேயே தங்கலாம் என்பவற்றை முன்கூட்டியே யோசித்து எழுதி வைக்கும் ஆவணத்தைத் தொலைநோக்குத் திட்டம் என்கிறோம். பெரும்பாலும் இதை எழுதுபவர்கள் அதிகாரிகளும் ஆலோசனை நிறுவனங்களும்தான். எழுதி முடித்த பிறகு ஒப்புக்கு ஒரு கூட்டம் கூட்டி மக்களிடம் வாசித்துக் காட்டுவார்கள். அந்த ஆவணத்தின் முதல் வரி எழுதப்படும் முன்பே மக்களை உட்கார வைத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள். அதை விளக்கக் கென்யா பொருத்தமான நாடு. மக்கள் பங்கேற்பை ஆட்சியாளர்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், அதை அரசமைப்புச் சட்டத்தின் கட்டாயமாகவே அந்த நாடு ஆக்கியிருக்கிறது.

நைரோபியில் எல்லாம் முடிவான காலம்

கென்யா 1963இல் விடுதலை பெற்றது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதிகாரம் நைரோபியில் குவிந்துவிட்டது. மாகாணங்களையும் மாவட்டங்களையும் நிர்வகித்தவர்கள் மேலிடத்தால் நியமிக்கப்பட்ட அதிகாரிகள். அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது தலைநகருக்குத்தானே தவிர, அந்தந்த ஊர் மக்களுக்கு அல்ல. 1965இல் அரசு வெளியிட்ட பொருளாதாரக் கொள்கை அறிக்கை ஒன்று, கையிலிருக்கும் பணத்தை அதிக உற்பத்தி தரக்கூடிய பகுதிகளில் முதலீடு செய்வதே நாடு முழுமைக்கும் நல்லது என்று வாதிட்டது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கொள்கையின் விளைவு கடுமையானது. நல்ல மழையும் வளமான மண்ணும் சாலை வசதியும் ஏற்கெனவே பெற்றிருந்த மேட்டுநிலப் பகுதிகள் மேலும் செழித்தன. வறண்ட வடக்கும் அரைவறட்சியான கிழக்கும் பல பத்தாண்டுகள் பின்தங்கின. அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் வறண்ட வடக்கிலுள்ள துர்கானாவின் கால்நடை மேய்ப்பர்களுக்கு இடமில்லை, அரைவறட்சிப் பகுதியான மக்குவேனியின் உழவர்களுக்கும் இடமில்லை. நீண்டகாலத் திட்டங்களை மக்கள் ஏன் அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு ஆவணத்தின் கதையே போதும் என்று நினைக்கிறேன். ஒரு கொள்கை அறிக்கையின் சில வரிகள் ஒரு தலைமுறையின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தீர்மானித்துவிட்டன.

2007 டிசம்பர் தேர்தலைத் தொடர்ந்து வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிலம், பதவி, வளம் ஆகியவற்றின் பங்கீட்டில் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த குறைகளைத் தீர்க்காமல் நாடு நிலைக்காது என்ற உணர்வு அதன் பிறகு வலுப்பெற்றது. 2010 ஆகஸ்ட் 4 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் புதிய அரசமைப்புச் சட்டத்தை மக்கள் ஏற்றனர். அதே மாதம் 27ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாடு 47 கவுன்டிகளாகப் பிரிக்கப்பட்டு, 2013 மார்ச்சில் நடந்த தேர்தலுக்குப் பின் கவுன்டி அரசுகள் இயங்கத் தொடங்கின.

நம் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. கவுன்டி என்பதைப் பரப்பளவில் நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாம். அதிகாரத்தில் ஒப்பிட முடியாது. மாவட்ட ஆட்சியர் நியமிக்கப்படுபவர். கவுன்டியின் ஆளுநரோ மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். அவருக்கென ஒரு நிர்வாகக் குழுவும், வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஒரு கவுன்டி மன்றமும் உண்டு. மருத்துவச் சேவை, வேளாண்மை, கவுன்டிச் சாலைகள், குடிநீர், மழலையர் கல்வி, தொழிற்பயிற்சி, உள்ளூர்த் திட்டமிடல் ஆகியவை கவுன்டியின் பொறுப்பில் வருகின்றன. நாட்டின் வருவாயில் குறைந்தது 15 விழுக்காடு கவுன்டிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்றும் அரசமைப்புச் சட்டம் விதித்திருக்கிறது. ஆக, ஒரு கவுன்டியின் தொலைநோக்குத் திட்டம் வெறும் ஆசைப் பட்டியல் அல்ல. அதற்குப் பின்னால் அதிகாரமும் பணமும் இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது

2012ஆம் ஆண்டின் கவுன்டி அரசுகள் சட்டம் திட்டங்களை அடுக்கடுக்காக அமைக்கிறது. ஒவ்வொரு கவுன்டியும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் ஒன்றை உருவாக்க வேண்டும். இதுவரை 2013–2017, 2018–2022, 2023–2027 என மூன்று சுற்றுகள் வந்துள்ளன. அதற்கு மேலே, ஒவ்வொரு துறைக்கும் பத்தாண்டுத் திட்டமும், எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வரைபடத்தில் குறிக்கும் பத்தாண்டு இடஞ்சார் திட்டமும் உண்டு. இவற்றையெல்லாம் தாண்டி, சில கவுன்டிகள் தமக்கென நீண்டகாலத் தொலைநோக்கு ஆவணங்களையும் எழுதிக்கொண்டன. தேசிய அளவில் 2008இல் அறிவிக்கப்பட்ட ‘தொலைநோக்கு 2030’ அவற்றுக்கு வழிகாட்டும் பொதுச் சட்டகமாக இருந்தது.

இச்சட்டத்தில் தொடக்கநிலை வாசகர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. திட்டத்துக்கு வெளியே எந்தப் பொதுப் பணத்தையும் ஒதுக்கக் கூடாது என்பதே அது. இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒரு கிராமத்துக்கு வேண்டிய பாலம் திட்ட ஆவணத்தில் எவ்விடத்திலும் இல்லையென்றால், ஆளுநரே மனம் வைத்தாலும் அதற்குப் பணம் ஒதுக்குவது சட்டப்படி சிக்கலாகிவிடும். ஆகவே திட்டம் எழுதப்படும் வேளையில் வாய் திறக்காத ஊர், அடுத்த ஐந்தாண்டு முழுவதும் மனு கொடுத்தபடியே இருக்க நேரலாம்.

மக்கள் பங்கேற்பு குறித்த கடமை அரசமைப்புச் சட்டத்தில் பல இடங்களில் வருகிறது. இறையாண்மை முழுவதும் மக்களுக்கே உரியது என்பது முதல் பிரிவு. மக்கள் பங்கேற்பு தேசிய விழுமியங்களுள் ஒன்று என்பது 10ஆம் பிரிவு. கவுன்டி மன்றம் தன் வேலைகளைத் திறந்த முறையில் நடத்தி, மக்கள் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்பது 196ஆம் பிரிவு. அரசிடமிருக்கும் தகவலைப் பெறும் உரிமையை 35ஆம் பிரிவு தருகிறது. இவற்றோடு, கவுன்டி அரசுகள் சட்டம் குடிமக்களுக்கு மனு அளிக்கும் உரிமையையும், அந்த மனுவுக்குக் காலம் தாழ்த்தாமல் பதிலளிக்கும் கடமையை அரசுக்கும் வகுத்திருக்கிறது.

மக்குவேனியின் படிகள்

சட்டம் ஒன்றுதான், 47 கவுன்டிகளும் அதைச் செயல்படுத்திய விதம் ஒன்றல்ல. பலர் எடுத்துக்காட்டாகச் சொல்வது மக்குவேனி கவுன்டியை. நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் இடையில், காம்பா இன மக்கள் மிகுதியாக வாழும் அரைவறட்சிப் பகுதி அது. 2019 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 9.88 லட்சம். தலைமையிடம் வோட்டே என்னும் ஊர். 2013 முதல் 2022 வரை அங்கே ஆளுநராக இருந்தவர் அரசமைப்புச் சட்டப் பேராசிரியரான கிவுதா கிப்வானா.

தொடக்கம் இனிமையானதாக இல்லை. முதல் ஆண்டுகளில் ஆளுநருக்கும் கவுன்டி மன்றத்துக்கும் இடையே கடும் பூசல் ஏற்பட்டு, கவுன்டி அரசையே கலைக்க வேண்டும் என்ற மனு குடியரசுத் தலைவர் வரை சென்றது. விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 2015இல் குடியரசுத் தலைவர் உகுரு கென்யாட்டா கவுன்டியைக் கலைக்க மறுத்தார். மேலே இருப்பவர்கள் ஒருவரையொருவர் முடக்கிக்கொண்டால் கீழே வேலை எப்படி நிற்கும் என்பதை மக்கள் நேரில் பார்த்த இடம் அது. பங்கேற்பு முறை அங்கே வேரூன்றியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

மக்குவேனியின் முறை படிப்படியாக மேலேறுவது. முதலில் கிராமத்தில் கூட்டம். பிறகு சில கிராமங்கள் சேர்ந்த தொகுதி. அதன் பின் துணை வார்டு, வார்டு, துணைக் கவுன்டி, இறுதியில் கவுன்டி முழுமைக்குமான மக்கள் மன்றம். ஒவ்வொரு படியிலும் மக்கள் தங்களுக்குள் ஒரு வளர்ச்சிக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அக்குழுவினர் தங்கள் படியில் முடிவான முன்னுரிமைகளை அடுத்த படிக்கு எடுத்துச் செல்கிறார்கள். இளைஞர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனிக் கூட்டங்களும், வெளியூர்களில் வாழும் மக்குவேனி மக்களுக்கெனத் தனி அமர்வும் நடந்தன. கவுன்டியின் 30 வார்டுகளிலிருந்தும் வந்த கருத்துகள் இப்படித்தான் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கும், ‘மக்குவேனி தொலைநோக்கு 2025’ என்ற நீண்டகால ஆவணத்தின் எண்ணங்களுக்கும் வந்து சேர்ந்தன.

படிகள் இருப்பதாலேயே பங்கேற்பு நிகழ்ந்துவிடாது. கூட்டத்தில் என்ன கேட்கப்படுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதை ஒரு கற்பனைக் கூட்டத்தைக் கொண்டு விளக்கலாம்; அதன் சூழல் மட்டும் உண்மையானது.

மக்குவேனியில் ஒரு கிராமம். அதிகாரி, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கிறார். “ஆழ்துளைக் கிணறு வேண்டும்” என்று பதில் வருகிறது. அதிகாரி எழுதிக்கொள்கிறார், கூட்டம் முடிகிறது. பக்கத்துக் கிராமத்திலும் அதே கேள்வி, அதே பதில். முடிவில் நூறு ஆழ்துளைக் கிணறுகளின் பட்டியல் கையில் இருக்கும். அதைத் தொலைநோக்கு என்று எவரும் சொல்ல முடியாது.

இப்போது கேள்வியை மாற்றிப் பார்ப்போம். “உங்கள் தாத்தா காலத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அது ஏன் நின்றது? உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எங்கிருந்து வர வேண்டும்?” முதியவர்கள் பேசத் தொடங்குவார்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றின் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த காலத்தைச் சொல்வார்கள். நைரோபியின் கட்டடங்களுக்காக லாரி லாரியாக மணல் அள்ளப்பட்டதையும், மணல் போன இடத்தில் ஊற்றும் போனதையும் சொல்வார்கள். மணல் அள்ளுபவர்கள், மணலைக் காக்க நினைத்தவர்கள் என ஊர் இரண்டுபட்டதையும், அதில் வன்முறை நிகழ்ந்ததையும் சொல்வார்கள். மணல் அள்ளுவதில் தினக்கூலி பெறும் இளைஞர், “அதை நிறுத்தினால் நான் எதைச் சாப்பிடுவது?” என்று கேட்பார். அந்தக் கேள்வியும் திட்டத்துக்குள் வந்தாக வேண்டும்.

இந்த உரையாடலில் இருந்து வெளிவரும் தேவை ஆழ்துளைக் கிணற்றைவிடப் பெரியது. ஆற்று மணலைக் காக்க வேண்டும். மணல் அணைகள் கட்ட வேண்டும். மணலை நம்பிய இளைஞர்களுக்கு மாற்றுத் தொழில் வேண்டும். மணல் அணை என்பது பருவகால ஆற்றின் குறுக்கே பாறைப் படுகையின் மீது எழுப்பப்படும் தாழ்வான கான்கிரீட் சுவர். மழைவெள்ளம் சுமந்து வரும் மணல் அதன் பின்னால் படிந்து நிரம்பும். மணலின் இடைவெளிகளில் தண்ணீர் தங்கும். தேங்கும் மொத்தக் கொள்ளளவில் சுமார் கால் பங்கு முதல் 40 விழுக்காடு வரை நீராக இருக்கலாம். வெயிலில் அது எளிதில் ஆவியாகாது. காம்பா மக்களின் பகுதியில் இந்த நுட்பம் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. ம்வேத்யா எனப்படும் கூட்டு உழைப்புக் குழுக்களாகத் திரண்டு மலைச்சரிவுகளில் படிவரப்புகள் அமைத்து மண்ணரிப்பைத் தடுத்த வரலாறும் அவர்களுக்கு உண்டு. மக்குவேனி கவுன்டி மன்றம் 2015இல் மணல் பாதுகாப்பு மற்றும் பயன்பாட்டுச் சட்டத்தை இயற்றி, மணலைக் கண்காணிக்கத் தனி அமைப்பையும் ஏற்படுத்தியது.

குறிப்பிட்ட ஒரு கூட்டத்தால்தான் அந்தச் சட்டம் வந்தது என்று நான் கூற வரவில்லை. உள்ளூர் மக்களின் நினைவிலும் அனுபவத்திலும் இருக்கும் அறிவு எந்த ஆலோசகரின் மேசையிலும் கிடைக்காது என்பதையும், சரியான கேள்வி கேட்டால் மட்டுமே அது வெளிவரும் என்பதையும் காட்டவே இதை விரித்துச் சொன்னேன். நாளைய தேவைக்கான பட்டியலை எந்தக் கூட்டத்திலும் பெறலாம். இருபது ஆண்டுக்கான எண்ணத்தைப் பெற, இருபது ஆண்டு பின்னோக்கியும் முன்னோக்கியும் பேச நேரம் கொடுக்க வேண்டும்.

மாம்பழமும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மக்குவேனியில் மா விளைச்சல் மிகுதி. அறுவடைக் காலத்தில் இடைத்தரகர்கள் வைத்ததே விலை. இன்னும் அதிக மாங்கன்றுகள் கேட்பது ஒரு வகைக் கோரிக்கை. விளைந்த பழத்துக்கு ஊரிலேயே மதிப்பைக் கூட்ட வழி கேட்பது இன்னொரு வகை. கலம்பா என்னும் இடத்தில் கவுன்டி அரசு அமைத்த பழக்கூழ் ஆலை இந்த இரண்டாம் வகைச் சிந்தனையின் விளைவு.

எது பங்கேற்பு, எது பங்கேற்பு ஆகாது

கூட்டம் நடத்தியதாகக் கணக்குக் காட்டும் அரசுகளை நீதிமன்றங்கள் கேள்வி கேட்டிருக்கின்றன. கியாம்பு கவுன்டி புதிய வரிகளும் கட்டணங்களும் விதித்து இயற்றிய 2013ஆம் ஆண்டு நிதிச் சட்டம், மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்பதற்காக 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தால் செல்லாது என அறிவிக்கப்பட்டது. நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. தேவாலயம், மசூதி, கோயில், பராசா எனப்படும் ஊர்க்கூட்டங்கள், தாய்மொழி வானொலி ஆகிய எல்லா வழிகளிலும் மக்களைச் சென்றடைய வேண்டும் என்று நீதிபதி ஜார்ஜ் ஒடுங்கா அத்தீர்ப்பில் வலியுறுத்தினார். 2018இல் லாமு துறைமுகத் திட்டம் தொடர்பான வழக்கிலும், உள்ளூர் மக்களின் பங்கேற்பும் கவுன்டி அரசுடனான கலந்தாய்வும் போதுமானவையாக இல்லை என்று உயர் நீதிமன்றம் கண்டது. வாழ்வாதாரம் பாதிக்கப்பட்ட மீனவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

இத்தீர்ப்புகளிலிருந்து எளிய அளவுகோல்கள் சில கிடைக்கின்றன. செய்தி மக்களின் மொழியில், போதுமான நாட்களுக்கு முன்பே வந்ததா? ஆவணம் படிக்கக் கிடைத்ததா? சொன்ன கருத்துக்கு என்ன ஆனது என்று யாராவது திரும்பி வந்து சொன்னார்களா? கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் விடுபடுகிறது. மக்கள் கேட்ட அனைத்தையும் ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. ஏற்காதபோது காரணம் சொல்ல வேண்டும் என்பதுதான் மரியாதை. காரணம் தெரியாத மக்கள் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அதில் அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டத்துக்கு யார் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் கூட்டம் வைத்தால், தண்ணீருக்காகத் தொலைவு நடக்கும் பெண்கள் வர முடியாது. வடக்கில் மந்தையோடு இடம்பெயரும் மேய்ப்பர்களுக்கு நிலையான கூட்ட இடம் பயன்படாது. கால்நடைச் சந்தைக்கும் நீர்நிலைக்கும் அதிகாரிகளே போக வேண்டும். ஆவணம் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களாக இருந்தால், படித்தவர்கள் மட்டுமே பேசுவார்கள். சிறுபான்மையினருக்கும் விளிம்புநிலை மக்களுக்கும் தனிக் கவனம் வேண்டும் என்பதைச் சட்டம் பங்கேற்பின் கொள்கைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எண்ணிக்கையில் சிறிய ஊரின் தேவை ஒவ்வொரு படியிலும் வாக்கெடுப்பில் தோற்றுக்கொண்டே போகலாம் என்பது படிமுறையின் உள்ளார்ந்த குறை. இதைச் சரிசெய்யப் பங்கீட்டு விதிகள் தேவைப்படுகின்றன. எல்கெயோ-மரக்வெட் கவுன்டி வார்டுகளுக்கிடையே வளர்ச்சி நிதியை நியாயமாகப் பகிர்வதற்கென்றே 2015இல் தனிச் சட்டம் இயற்றியது.

எண்ணத்திலிருந்து ரசீது வரை

இருபது ஆண்டு எண்ணம் ஆண்டுதோறும் பணமாக மாறாவிட்டால் அது அலமாரியில் தூங்கும். கென்யாவின் பொது நிதி மேலாண்மைச் சட்டம் இதற்கு ஒரு நாட்காட்டியை வகுத்துள்ளது. செப்டம்பர் 1க்குள் அடுத்த நிதியாண்டுக்கான ஆண்டு வளர்ச்சித் திட்டம் கவுன்டி மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பிப்ரவரி 28க்குள் நிதி உத்தி அறிக்கை. ஏப்ரல் 30க்குள் வரவுசெலவு மதிப்பீடு. ஜூன் 30க்குள் ஒப்புதல். ஜூலை 1 முதல் புதிய நிதியாண்டு. கிராமத்தில் அக்கறையுள்ள ஒருவர் நினைவில் வைக்க வேண்டிய முதல் தேதி செப்டம்பர் 1 என்பது என் கருத்து. பலரும் ஏப்ரலில் வரவுசெலவுக் கூட்டத்துக்குத் திரளுகிறார்கள். அதற்குள் பெரிய முடிவுகள் உருப்பெற்று விடுகின்றன. இதே சட்டம் கவுன்டி வரவுசெலவு மற்றும் பொருளாதார மன்றம் ஒன்றையும் கட்டாயமாக்குகிறது. ஆளுநர் தலைமையில், நிர்வாகக் குழுவினரோடு, அவர்களுக்குச் சமமான எண்ணிக்கையில் வணிகர், தொழிலாளர், பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சமயக் குழுக்கள் ஆகியோரின் சார்பாளர்கள் அதில் அமர வேண்டும்.

பணம் ஒதுக்கிய பிறகும் மக்களின் வேலை முடிவதில்லை. மக்குவேனியில் ஒவ்வொரு பணிக்கும் பயனாளிகளே அமைத்துக்கொள்ளும் மேற்பார்வைக் குழு ஒன்று உண்டு. வேலை சரியாக நடந்தது என்று அக்குழு ஒப்புக்கொண்ட பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் கிடைக்கும் என்ற ஏற்பாடு, திட்டத்தை எழுதிய கைக்கே அதைச் சரிபார்க்கும் உரிமையையும் தருகிறது. கட்டடம் எழும்பியும் செவிலியர் இல்லாத மருந்தகங்களைப் பார்த்துச் சலித்த எவருக்கும் இதன் அருமை விளங்கும்.

தடைகள் இல்லாமல் இல்லை. நைரோபியிலிருந்து வர வேண்டிய நிதி பல முறை மாதக்கணக்கில் தாமதமாகிறது. தேர்தலில் ஆட்சி மாறினால், புதிய ஆளுநர் பழையவரின் திட்டங்களைக் கைவிட்டுத் தம் பெயர் சொல்லும் வேலைகளைத் தொடங்கும் ஆசை எங்கும் உண்டு. நீண்டகாலத் திட்டத்துக்கு மக்கள் பங்கேற்பு இன்றியமையாதது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஓர் ஆளுநர் இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்க முடியாது. ஓர் ஆறு மணலால் நிரம்பி ஊற்றெடுக்கவோ, வெட்டப்பட்ட காடு மீண்டும் எழவோ அதைவிட அதிக காலம் ஆகலாம். அவ்வளவு காலமும் அந்த இடத்திலேயே இருப்பவர்கள் மக்கள் மட்டுமே.

நடப்பு ஐந்தாண்டுத் திட்டம் 2027இல் முடிகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பொதுத் தேர்தல் வர இருக்கிறது. அதன் பின் அமையும் 47 கவுன்டி அரசுகளும் 2028 முதலான அடுத்த திட்டத்தை எழுதும் வேலையைச் சில மாதங்களுக்குள் முடிக்க வேண்டியிருக்கும். தேர்தல் ஆரவாரம் அடங்கும் முன்னரே, தங்கள் ஆறு, தங்கள் சந்தை, தங்கள் பள்ளி பற்றிக் கிராமக் குழுக்கள் தமக்குள் பேசி எழுதி வைத்திருந்தால், வரைவு எழுதுபவர் வரும் நாளில் அவர் கையில் கொடுக்க ஏதாவது இருக்கும்.